ஒகேனக்கல்லில் மார்கழி, தை விடியலில் அருவிப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஒகேனக்கல்லுக்கு கேமராவோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நேரமும் திசையும் ஒகேனக்கல்லுக்கு மட்டும். கேமரா அமைப்புகள் எந்த அருவிக்கும் பொருந்தும்.

சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும்? நாங்கள் எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

டிசம்பர் முதல் தேதி வாக்கில் 6.25க்கு உதயம். மாதக் கடைசியில் 6.38. ஜனவரி இரண்டாம் பாதியில் 6.44 வரை தள்ளிப்போகும். வருஷத்திலேயே சூரியன் தாமதமாக உதிப்பது அப்போதுதான். பிப்ரவரி நடுவில் 6.41.

போன் காட்டும் இந்த நேரத்தை நம்பி 6.30க்குக் கிளம்புகிறவர்கள் இரண்டு வகையில் ஏமாறுகிறார்கள். நல்ல வெளிச்சம் உதயத்துக்கு அரை மணி முன்பே தொடங்கிவிடுகிறது. அதோடு, சொன்ன நேரத்தில் சூரியன் கண்ணில் படுவதே இல்லை. பென்னாகரம் மேட்டிலிருந்து இறங்கும் மலைச்சரிவு ஊருக்குக் கிழக்கே மறைத்து நிற்கிறது, அதைத் தாண்டித்தான் சூரியன் வர வேண்டும்.

எவ்வளவு தாமதம் என்பதை முந்தின நாள் மாலையே கணக்குப் போட்டுவிடலாம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் சுமார் 10 பாகை. இந்தப் பருவத்தில் இங்கே சூரியன் ஒரு பாகை ஏற நாலரை நிமிஷம் ஆகும். கண் மட்டத்திலிருந்து மலை விளிம்பு வரை அரை முஷ்டி உயரம் இருந்தால் 20 முதல் 25 நிமிஷம், முழு முஷ்டி இருந்தால் முக்கால் மணி நேரம். அளக்க வேண்டியது நேர் கிழக்கில் அல்ல. டிசம்பர் கடைசியில் சூரியன் கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கும், அதாவது போன் காம்பஸில் 114. அந்தத் திசையில் தெரியும் மலை விளிம்பைத்தான் அளக்க வேண்டும்.

வெயில் முதலில் விழுவது எதிரே, கர்நாடகக் கரை மலையின் உச்சியில். அங்கிருந்து மெல்ல இறங்கி, பாறைகளைத் தொட்டு, கடைசியாகத்தான் பள்ளத்துக்குள் வரும். தண்ணீர் முழுக்க நிழலிலும், வானமும் எதிர்க்கரை மலையும் ஒளியிலும் இருக்கிற அந்த இடைப்பட்ட நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. 5.50க்கு ட்ரைபாட் விரித்தாகியிருக்க வேண்டும். வெயில் தண்ணீரில் விழுந்துவிட்டால் நீளமான எக்ஸ்போஷர் படங்களை, அதாவது ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து எடுப்பவற்றை, மூட்டை கட்டிவிடலாம்.

தண்ணீர் எவ்வளவு இருந்தால் நல்லது?

செய்தித்தாளில் தினமும் வருகிற 'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி' என்ற வரியைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் கணக்கு அது.

தோராயமாக இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஆயிரம் கன அடிக்குக் கீழே போனால் ஐந்தருவிப் பக்கம் பாறைதான் மிஞ்சும், மெயின் அருவியில் மட்டும் படம் கிடைக்கும். இரண்டாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை இருக்கும்போது அருவிகள் தனித்தனிக் கிளையாகப் பிரிந்து, நடுநடுவே கரும்பாறை தெரியும். படத்துக்கு இதுதான் சரியான அளவு. இருபதாயிரத்தைத் தாண்டினால் கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், சாரலில் லென்ஸ் நிற்காது. ஆடி மாதம் லட்சம் கன அடி வரும்போது அங்கே அருவி என்று தனியாக எதுவும் தெரியாது. கரைக்குக் கரை ஓடும் செந்நிற ஆறுதான் தெரியும்.

குளிர்காலத்தின் இன்னொரு லாபம் தண்ணீரின் நிறம். வண்டல் அடங்கிய பிறகு பச்சை கலந்த தெளிவு வரும். மழைக்காலத்தில் எவ்வளவு நல்ல கேமரா வைத்திருந்தாலும் அந்த நிறம் கிடைக்காது.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் நல்ல மழை. அருவியில் தண்ணீர் கூடியிருக்குமா?

பெரும்பாலும் இல்லை. இங்கே விழும் தண்ணீரில் பெரும்பங்கு கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளிலிருந்தும் அவற்றுக்குக் கீழே உள்ள நீர்ப்பிடிப்பிலிருந்தும் வருவது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மழையில் பெரும்பகுதி தென்பெண்ணையில் இறங்கி வேறு வழி போய்விடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்தத் தண்ணீர் போனது தென்பெண்ணைக்கு, காவிரிக்கு அல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம் மழை பெய்தால் சின்னாறு வழியாகச் செம்மண் தண்ணீர் வந்து ஒகேனக்கல்லில் கலக்கும். அளவு பெரிதாகக் கூடாது, நிறம்தான் கெடும். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போவது நல்லது.

எங்கே நின்று எடுப்பது?

தொங்குபாலம், நடைபாதை, பார்வைக் கோபுரம் இந்த மூன்றிலிருந்தும் மெயின் அருவிப் பகுதி தெரியும். இங்கெல்லாம் நுழைவதற்கான கேட் திறக்கும் நேரம் கூட்டத்துக்கும் நீர்வரத்துக்கும் தக்கபடி மாறும். முந்தின நாள் மாலை அங்கே இருக்கும் காவலரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். விடியும் முன் திறக்கவில்லை என்றால் வேலி ஏறிக் குதிக்கிற வேலை வேண்டாம். கேட் திறக்கும் வரை மாமரத்துக்கடவு பரிசல் துறைக்குப் போகலாம். கவிழ்த்து வைத்த பரிசல்கள், அவற்றின் தார் பூசிய முதுகில் பனித்துளி, பின்னால் ஆற்றின் மேல் ஆவி: அருவி இல்லாமலேயே ஒரு காலை அங்கே கழியும்.

ஆற்றின் மேல் அந்த ஆவி ஏன் வருகிறது என்றால், தை மாத விடியலில் காற்றைவிடத் தண்ணீர் சூடாக இருக்கும். முந்தின இரவு வானம் தெளிவாக இருந்து, காற்றும் அசையாமல் இருந்தால் ஆவி நிச்சயம். மேகம் மூடிய இரவுக்குப் பிறகு எதிர்பார்க்க வேண்டாம்.

லென்ஸ் விஷயத்தில் ஒரு கருத்து. எல்லோரும் 16-35 மி.மீ. அகலக்கோண லென்ஸோடு வந்து, பாதிப் படம் வெற்று வானமாகவும் அருவி மூலையில் ஒரு கோடாகவும் எடுத்துப் போகிறார்கள். இங்கே நீங்கள் நிற்பது பள்ளத்துக்கு இந்தப் பக்கம், அருவி விழுவது அந்தப் பக்கம். தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதைத்தான் முதலில் மாட்ட வேண்டும். ஒரு கிளை அருவி, அது மோதும் பாறை, கொஞ்சம் நிழல், அவ்வளவு போதும்.

கேமராவில் என்ன செட்டிங் வைப்பது?

ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்), மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 8 அல்லது எஃப் 11. எஃப் 16க்கு மேலே போனால் துளை மிகச் சிறிதாகி, அதன் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படத்தின் கூர்மை குறையும். லென்ஸில் ஒட்டிய ஒவ்வொரு சாரல் துளியும் புள்ளியாகத் தெரியவும் ஆரம்பிக்கும். மாற்ற வேண்டியது ஷட்டர் ஸ்பீடு ஒன்றுதான்.

மேகமில்லாத காலையில், எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், உதயத்துக்குக் கால் மணி முன் ஷட்டர் ஒரு விநாடியை ஒட்டி வரும். உதய நேரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு விநாடி. சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்க நிழலில் 1/60. வெயில் நேரே விழுந்தால் 1/500. அரை மணிக்குள் ஒளி பல மடங்கு மாறிவிடுவதால், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்து ஷட்டரைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பது ரசனை. ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் வேகமும் கனமும் உள்ளது. மெல்லிய ஓடைக்கு வைப்பது மாதிரி 5, 10 விநாடி வைத்தால் உருவமே இல்லாத வெள்ளைப் பஞ்சு மூட்டைதான் மிஞ்சும். 1/8 முதல் 1/2 விநாடிக்குள் வைத்தால் தண்ணீரின் இழைகளும் திசையும் தெரியும். ஒரு விநாடிக்கு மேல் போவது, அடியில் சுழியும் நுரைக்கோடும் இருக்கிற தேங்கிய பகுதிக்கு மட்டும். தெறிக்கும் துளிகளை உறைய வைக்க வேண்டுமானால் 1/1000க்குக் குறையாமல், ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொண்டு, வெயில் வந்த பிறகு எடுங்கள்.

ஃபோகஸ்: இருட்டில் ஓடும் தண்ணீரில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். அருவிக்குப் பக்கத்துப் பாறை விளிம்பில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, அப்படியே விட்டுவிடுங்கள். ஜூமைத் திருகினால் மறுபடி செய்ய வேண்டும்.

என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) வாங்கியே ஆக வேண்டுமா?

விடியலுக்கு மட்டும் போகிறவருக்குத் தேவையில்லை. முதலில் வாங்க வேண்டியது சிபிஎல் எனப்படும் போலரைசர். ஈரப் பாறையின் பளபளப்பை அது வெட்டும், கூடவே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளியையும் குறைக்கும். நிழலில் எஃப் 11ல் 1/30 வருகிற இடத்தில் சிபிஎல் மாட்டினால் 1/8 ஆகிவிடும். அதுவே போதும்.

ஏழரை, எட்டு மணி வரை எடுக்க ஆசை இருந்தால் ஒரு 6 ஸ்டாப் என்டி வாங்கலாம். 1/60 என்பது ஒரு விநாடியாகும். 10 ஸ்டாப் இங்கே வீண். விலை குறைந்த என்டியில் படம் முழுக்கச் சிவப்பு ஏறும், மூலைகளில் இன்னும் மோசமாக. ஃபில்டர் மாட்டிய பிறகு ஃபோகஸ் பிடிக்காது என்பதால், ஃபோகஸை முடித்துவிட்டு மாட்டுங்கள்.

தண்ணீர் எல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது. ஏன்?

படச் சட்டத்துக்குள் கரும்பாறை நிறைய, தண்ணீர் கொஞ்சம். கேமராவின் ஒளி அளவி பாறையைப் பார்த்து அதைச் சாம்பலாக்க ஒளியைக் கூட்டச் சொல்கிறது, வெள்ளை வெடிக்கிறது. எக்ஸ்போஷரை 0.7 முதல் 1.3 ஸ்டாப் வரை குறையுங்கள். ஹைலைட் வார்னிங்கைப் போட்டு வைத்தால் வெடித்த இடம் திரையில் மினுங்கும். நுரையின் நடுவில் ஒன்றிரண்டு புள்ளி மினுங்கினால் பரவாயில்லை. முழுக் கிளையும் மினுங்கினால் இன்னும் குறைக்க வேண்டும். பாறை இருட்டாகத் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம், ரா ஃபைலில் நிழலைப் பிறகு தூக்கலாம். வெடித்த வெள்ளையை யாராலும் மீட்க முடியாது.

நெருக்கிப் பிடித்து சட்டம் முழுக்க நுரை மட்டும் இருந்தால் கணக்கு தலைகீழ். தண்ணீர் அழுக்குச் சாம்பலாக வரும், 0.7 கூட்டுங்கள்.

படம் நீலம் பாரித்திருக்கிறது.

நிழலுக்கு ஒளி கொடுப்பது நீல வானம்தானே. ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) 6,000 முதல் 7,000 கெல்வினுக்கு ஏற்றுங்கள். முழுக்க நீக்கிவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் எதிர்க்கரை மலையின் பொன்நிறம் எடுபடும்.

ட்ரைபாட் வைத்தும் படம் ஆடியிருக்கிறதே?

நின்ற இடத்தைப் பாருங்கள். தொங்குபாலத்தில் ஒருவர் நடந்தாலே போதும், அரை விநாடிப் படம் போச்சு. ட்ரைபாட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பாலத்தோடு சேர்ந்துதான் ஆடும். பாலத்தில் 1/250க்கு மேல் வேகமாக மட்டும் எடுங்கள். பார்வைக் கோபுரத்திலும் படியில் ஆள் ஏறி இறங்கும் அதிர்வு வரும், ஆள் நடமாட்டம் நின்ற பிறகு அழுத்துங்கள்.

தரையில் நின்றும் ஆடினால் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்: நடுக்கம்பியை உயர்த்தியிருக்கிறீர்கள் (இறக்கிவிட்டுக் கால்களை நீட்டுங்கள்), ஒரு கால் ஓடும் தண்ணீரில் இருக்கிறது, மணலில் கால் மெல்லப் புதைகிறது (தட்டையான கல்லை அடியில் வையுங்கள்), லென்ஸ் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி) ஆன், விரலால் ஷட்டரை அழுத்துகிறீர்கள். 2 விநாடி டைமர் போட்டாலே கடைசிச் சிக்கல் தீரும். கனத்துக்காக நடுக்கொக்கியில் தொங்கவிடும் பை காற்றில் ஊசலாடி இன்னும் கெடுக்கும். பையின் அடி தரையைத் தொடும்படி கட்டுங்கள்.

லென்ஸ் மங்கிப்போகிறது. பனியா, சாரலா?

இரண்டும் வேறு, மருந்தும் வேறு.

அறையிலோ காரிலோ ஏசி போட்டு வைத்திருந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் மங்கினால், அது குளிர்ந்த கண்ணாடியில் ஆற்றங்கரையின் ஈரக்காற்று படிவது. துடைத்தால் மறுபடி வரும், சில சமயம் உள்கண்ணாடியிலும் படியும். அறையை விட்டுக் கிளம்பும்போதே பையின் ஜிப்பை மூடி, வெளியே வந்து அரை மணி கழித்துத் திறக்க வேண்டும். இரவே ஏசியை நிறுத்தி, பையை ஜன்னலோரம் வைப்பது இன்னும் எளிது.

சாரல் என்றால் துணிதான் கதி. மைக்ரோஃபைபர் துணி ஒன்று போதாது, நாலு வேண்டும். ஒன்று நனைந்ததும் அது தண்ணீரைத் தேய்த்துப் பரப்புமே தவிர எடுக்காது. லென்ஸ் ஹுட் (முன்பக்கக் குழல்) மாட்டியே வையுங்கள். சட்டம், ஃபோகஸ் எல்லாம் முடியும் வரை லென்ஸின் மேல் துணியைப் போர்த்தி, டைமர் ஓடும்போது எடுத்து, படம் முடிந்ததும் மூடுங்கள். ஒவ்வொரு மூன்றாவது படத்தையும் திரையில் பெரிதாக்கி, துளி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துப் பயனில்லை. காற்று உங்களை நோக்கி அடித்தால் இடத்தை மாற்றுவதைத் தவிர வழி கிடையாது. அருவிக்குப் பக்கத்தில் லென்ஸைக் கழற்றவே வேண்டாம்.

வானவில் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் உதய நேரத்தில் அல்ல. வெயில் சாரலில் நேரே விழ வேண்டும், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலையில் தமிழ்நாட்டுக் கரையில் மேற்கே பார்த்து நின்றால் தானாகவே அப்படி அமையும். உங்கள் தலையின் நிழல் விழும் இடத்தை மையமாக வைத்து 42 பாகையில் வில் வளையும், அதாவது நாலு முஷ்டிக்குக் கொஞ்சம் கூடுதல். போலரைசரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் வானவில் பளிச்சென்று கூடும், இன்னொரு நிலையில் முற்றாக மறையும். போலரைசரை மாட்டி மறந்துவிட்டு 'இன்று வானவில் இல்லை' என்று திரும்புகிறவர்கள் உண்டு.

போனில் எடுக்க முடியுமா?

முடியும். நேரம்தான் குறைவு. பெரும்பாலான போன்களின் அபெர்ச்சர் எஃப் 1.8 அளவில் நிலையானது, சுருக்க முடியாது. ஆண்ட்ராய்டில் புரோ மோடில் ஐஎஸ்ஓ 50, ஷட்டர் 1/4 என்று வைத்து, கிளாம்ப் போட்ட சின்ன ட்ரைபாடில் உதயத்துக்கு 20, 25 நிமிஷம் முன்பு எடுத்தால் சரியாக வரும். அதற்குப் பிறகு வெளுக்கும். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு கேலரியில் லாங் எக்ஸ்போஷர் தேர்ந்தெடுங்கள். அது மூன்று விநாடிக் காட்சிகளை ஒன்றாகக் கலப்பதால் நல்ல வெளிச்சத்திலும் வேலை செய்யும். எடுக்கும்போது கை ஆடக்கூடாது.

பரிசலில் போய் எடுக்கலாமா?

விடியலில் பரிசல் ஓடாது. நீர்வரத்து கூடினால் நிர்வாகம் பகலிலும் தடை போட்டுவிடும். ஓடும் நாளில் 1/500க்கு மேல் ஷட்டர், ஒரே லென்ஸ், கேமரா வாரைக் கழுத்தில் மாட்டி லைஃப் ஜாக்கெட்டுக்கு வெளியே விடுங்கள். பரிசலில் எழுந்து நிற்காதீர்கள். ஓட்டுகிற அண்ணனிடம் ஏறும் முன்பே 'படம் எடுக்கணும்ணா, அருவி தெரியற இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க' என்று சொல்லிவைத்தால் துடுப்பைக் குத்தி நிதானிப்பார். சுற்றிக் காட்ட ஆரம்பித்த பிறகு சொன்னால் பயனில்லை.

விடியலுக்குள் வந்து சேர என்ன வழி?

முந்தின இரவே ஒகேனக்கல்லில் தங்குங்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் தனியார் விடுதிகளும் இருக்கின்றன. தருமபுரியிலிருந்து 46 கி.மீ.தான், ஆனால் பென்னாகரத்துக்கு அப்பால் காட்டுக்குள் இறங்கும் வளைவுச் சாலை. யானை குறுக்கே வரும். இருட்டில் ஹெட்லைட்டை நம்பி வேகமாக இறங்குகிற சாலை அல்ல. ஓசூர்க்காரர்கள் அஞ்செட்டி வழியைக் குறுக்குவழி என்று எடுப்பார்கள். அது முழுக்கக் காடு, இரவில் வேண்டாம். கிருஷ்ணகிரி, தருமபுரி சுற்றியே வாருங்கள். மார்கழியில் ஓசூர், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் அதிகாலை மூடுபனி இருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறை நாட்களை விட்டுவிடுங்கள். செவ்வாய், புதன் நல்லது.

இன்னும் நல்ல கோணத்துக்காகப் பாறையில் இறங்கலாமா?

வேண்டாம். பாசி காய்ந்த மாதிரி தெரிந்தாலும் விடியல் பனியில் அது சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரைதான். மேலே திறந்துவிடும் தண்ணீர் இங்கே மழை இல்லாத நாளிலும் மட்டத்தைத் திடீரென்று உயர்த்தும். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்தே 200 மி.மீ. லென்ஸ் அந்தக் கோணத்தைக் கொடுக்கும்.

டிரோன்?

இல்லை. சுற்றியிருப்பது காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய காடு. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வனத்துறை பிடித்துவைக்கும்.

திரும்பி வந்ததும் கேமராவை என்ன செய்வது?

பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டு, உடலை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மூடிகளைத் திறந்து ஃபேன் காற்றில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் ரப்பர் பிடிகள் கழன்றுவரும். ஈரப் பையில் அப்படியே மூடிவைத்தால் சில வாரங்களில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். பிறகு பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஆற்றுத் தண்ணீரில் உப்பு இல்லை, வண்டல் உண்டு. ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி, பூட்டுகளைத் தளர்த்தி, குழாய்த் தண்ணீரில் கழுவி, விரித்தபடியே நிழலில் சாய்த்து வையுங்கள். இதைச் செய்யாதவர்களின் ட்ரைபாடைத் திருகும்போது வருகிற நறநற சத்தம் அந்த மணல்தான்.